இடுப்பு மூட்டுப் பக்கம் சாதாரண எலும்புக் கட்டி: ஆபரேஷன் அவசியமா?

அடுத்த கேள்வி ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. "என் பையனுக்கு 11 வயசு, 38 கிலோ. விளையாடும்போது விழுந்தான். எக்ஸ்ரேல தொடை எலும்போட மேல்பக்கம், கழுத்துப் பகுதியில நீர்க்கட்டி இருக்குன்னு தெரிஞ்சுது. கேன்சர் மாதிரி இல்லை, ஆனா ஆபரேஷன் பண்ணணும்னு சொல்றாங்க. சாதாரணக் கட்டின்னா அப்படியே விட்டுடக் கூடாதா டாக்டர்?"

நியாயமான கேள்விம்மா. இதே கட்டி தோள்பட்டைக்குக் கீழ கை எலும்புல இருந்திருந்தா, கொஞ்ச நாள் பார்க்கலாம்னு நானே சொல்லியிருப்பேன். அங்க உடைஞ்சாலும் பெரும்பாலும் கட்டுப் போட்டாலே கூடிடும். தொடை எலும்போட கழுத்து அப்படி இல்லை. ஒத்தைக் கால்ல நிக்கும்போது இடுப்பு மூட்டுல உடம்பு எடையைப் போல ரெண்டரை, 3 மடங்கு பாரம் இறங்கும். உங்க பையனுக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ. ஓடினா இன்னும் அதிகம். உள்ளே வெறும் நீர், சுத்தி முட்டை ஓடு மாதிரி மெலிஞ்ச எலும்பு. அது எப்படித் தாங்கும்?

உடைஞ்சு விலகிட்டா அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கு. மூட்டுப் பந்துக்குப் போற ரத்தக்குழாய்கள் இந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஏறுது. அது அறுந்தா பந்து எலும்பு செத்துப்போகலாம். இந்த வயசுல அது நடந்துட்டா, அப்புறம் நாங்க என்ன பண்ணினாலும் பழைய மூட்டுக்கு ஈடாகாது. அதனால, கட்டியோட பேரை மட்டும் வெச்சு முடிவெடுக்காதீங்க. மிச்சம் இருக்கிற எலும்பு பாரம் தாங்குமாங்கிறதுதான் முக்கியம்.

ஆபரேஷன்ல என்ன பண்ணுவோம்? எலும்புல சின்ன ஜன்னல் திறப்போம். நீர்க்கட்டியா இருந்தா வெளிர் மஞ்சள் நீர் வரும். உள்சவ்வை முழுசா சுரண்டி எடுத்து, அந்தத் திசுவைப் பயாப்ஸிக்கு அனுப்புவோம். படத்துல ஒரே மாதிரி தெரியுற கட்டிகள் உண்டு, சந்தேகம் இருந்தா பயாப்ஸியை முதல்லயே தனியா எடுப்போம். 'கத்தி பட்டா பரவிடும்'னு யாராவது சொன்னா பயப்படாதீங்க, நீர்க்கட்டி பரவாது. அப்புறம் குழியில எலும்புத் துண்டுகள் நிரப்பி, பிளேட்டோ கம்பியோ வெச்சுத் தாங்கல் கொடுப்போம். வளர்ற பிள்ளை, எலும்பு நீளமா வளர்ற இடமான வளர்ச்சித் தட்டுல சேதம் ஆகாம ஸ்க்ரூ போடணும். நேரம் எடுக்குற வேலை அதுதான்.

ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா, அதாவது எலும்பு இருக்க வேண்டிய இடத்துல நார் மாதிரித் திசு வளர்ற நோய்னு ரிப்போர்ட் வந்தா திட்டமே வேற. அதுல நிரப்புற எலும்புத் துண்டுகளை அந்த நோயே கரைச்சுடும். எலும்பு வளையாம இருக்க உள்ளே ராடு வைக்கிறது, கெண்டைக்கால் பக்கம் இருக்கிற ஃபிபுலா எலும்புல ஒரு துண்டு எடுத்து முட்டுக்கொடுக்கிறதுன்னு போவோம். மூட்டு மாற்றும் ஆபரேஷன் எல்லாம், பெரியவங்களுக்கு வர்ற ஜெயன்ட் செல் கட்டி மூட்டையே அரிச்சுட்டாதான் யோசிப்போம். உங்க பையனுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

நீர்க்கட்டி திரும்ப வர வாய்ப்பு இருக்கு, மறைக்க மாட்டேன். அதனாலதான் ஆபரேஷனுக்கு அப்புறமும் வருஷக்கணக்குல அப்பப்ப எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும்.

இன்னிக்கே செய்ய வேண்டியது ஒண்ணு. ரெண்டு பக்கமும் ஊன்றுகோல் வாங்கிக் கொடுங்க, அந்தக் காலை ஊன வேண்டாம். எண்ணெய் தேய்ச்சு நீவிவிடவே கூடாது. முழங்கால்ல வலிக்குதுன்னு சொன்னாலும் கவனிங்க, இடுப்பு மூட்டு வலி குழந்தைங்களுக்கு அங்கதான் அடிக்கடி தெரியும்.