மணி ஊர் மளிகைக்கடை

எல்லோருக்கும் வணக்கம். வரலாற்றுக் கட்டடங்கள் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கோட்டை, அரண்மனை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவேண்டும். நான் பேசப்போவது ஒரு மளிகைக்கடையைப் பற்றி. அதுவும் இடிந்துபோன கடை.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில், கிரீன்வுட் நகரத்துக்கு வடக்கே பத்து மைலில் மணி என்று ஒரு சிற்றூர். ஒரு சாலை, அதை ஒட்டி ரயில்பாதை, சுற்றிலும் பருத்திக் காடு. சாலையோரம் இரண்டு தளத்தில் ஒரு செங்கல் கட்டடம். அதுதான் பிரையன்ட் மளிகை, இறைச்சிக்கடை. ராய் பிரையன்ட், கரோலின் என்ற வெள்ளைக்காரத் தம்பதி நடத்தினார்கள். கடைக்குப் பின்பக்கமே குடித்தனம். வாங்க வந்தவர்களோ பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பயிர் செய்த கறுப்பினத்தார். அவர்கள் கொடுத்த சில்லறையில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1955 ஆகஸ்ட் 24. சிகாகோவிலிருந்து தாத்தா முறையான மோஸ் ரைட் வீட்டுக்கு லீவுக்கு வந்திருந்த 14 வயது கறுப்பினப் பையன் எம்மெட் டில், உறவுப் பையன்களோடு இந்தக் கடைக்கு வந்தான். பபிள்கம் வாங்கினான். வெளியே வந்த கரோலினைப் பார்த்து விசிலடித்தான் என்று கூட வந்த பையன்கள் சொன்னார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதற்கு கரோலின் முதலில் வக்கீலிடம் சொன்னது ஒன்று, கோர்ட்டில் சொன்னது இன்னொன்று. எதுவாயிருந்தால் என்ன? அடுத்து நடந்ததற்கு எந்த ஊரிலும் நியாயம் கிடையாது.

28ஆம் தேதி நள்ளிரவுக்கு மேல் ராய் பிரையன்ட்டும் அம்மா ஒருவர், அப்பா வேறான அவருடைய அண்ணன் ஜே. டபிள்யூ. மிலமும் பையனைப் படுக்கையிலிருந்து எழுப்பி இழுத்துப் போனார்கள். மூன்று நாள் கழித்து டல்லஹாச்சி ஆற்றில் பிணம் கிடைத்தது. பருத்தி ஆலையின் இரும்பு விசிறி, 34 கிலோ இருக்கும், முள்கம்பியால் கழுத்தில் கட்டப்பட்டிருந்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. விரலில் இருந்த அப்பாவின் மோதிரத்தை வைத்துத்தான் எம்மெட் என்று தெரிந்தது. அம்மா மேமி சவப்பெட்டியை மூடவிடவில்லை. என் பிள்ளைக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்றார். ஜெட் பத்திரிகையில் படம் வந்தது.

வழக்கு சம்னர் ஊர் கோர்ட்டில். மோஸ் ரைட் எழுந்து நின்று, நிரம்பி வழிந்த சபையில் மிலமைக் கைநீட்டிக் காட்டினார். அந்தக் காலத்து மிசிசிப்பியில் ஒரு கறுப்பின விவசாயிக்கு அது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். ஜூரி பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆண்கள். 67 நிமிடத்தில் இருவரையும் விடுவித்தார்கள். அடுத்த ஜனவரியில் அதே இருவர் காசு வாங்கிக்கொண்டு, ஆமாம், நாங்கள்தான் கொன்றோம் என்று லுக் பத்திரிகைக்குச் சொன்னார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டாம் தடவை வழக்குப் போட முடியாதே!

சரி, கோர்ட் விட்டுவிட்டது. வாடிக்கையாளர்கள் விடவில்லை. கறுப்பின மக்கள் அந்தக் கடைப் படியேறுவதை நிறுத்தினார்கள். வியாபாரம் படுத்தது, பிரையன்ட் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போனார். யாரும் பெரிதாகப் பேசாத தீர்ப்பு இது. என்னைக் கேட்டால், அந்தக் கட்டடத்தின் முக்கியமான வரலாறே இதுதான்.

அப்புறம் கடை கைமாறியது. கடைசியில் அந்த ஜூரியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் குடும்பத்துக்கே வந்து சேர்ந்தது. கத்ரீனா புயல் வேறு அடித்தது. இப்போது கூரை கிடையாது. சுவர்களில் கொடி மண்டிக்கிடக்கிறது. 2011இல் வாசலில் ஒரு வரலாற்றுப் பலகை நட்டார்கள். 2017இல் யாரோ அதன் எழுத்தையும் படத்தையும் உரித்துப் போட்டார்கள். பிறகு சரிசெய்தார்கள்.

இதில் வேடிக்கை ஒன்று கேளுங்கள். பக்கத்தில் ஒரு பழைய பெட்ரோல் பங்க் இருக்கிறது. அதுவும் அதே குடும்பத்துச் சொத்து. கொலையோடு அதற்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டச் சின்னங்களுக்கான மாநில மானியத்தில் 2 லட்சம் டாலருக்கு மேல் வாங்கி, அதை 1950களில் இருந்ததுபோல் பளபளவென்று புதுப்பித்துவிட்டார்கள். கடை அப்படியே கிடக்கிறது. 2023இல் எம்மெட், மேமி பெயரில் அறிவித்த தேசிய நினைவுச்சின்னத்தில் இறுதிச்சடங்கு நடந்த சிகாகோ தேவாலயம் இருக்கிறது, பிணம் கிடைத்ததாகச் சொல்லும் ஆற்றங்கரை இருக்கிறது, சம்னர் கோர்ட் இருக்கிறது. கடை இல்லை.

உங்கள் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் வேலையில் இருந்து, நீங்கள் போக நேர்ந்தால், பெட்ரோல் பங்க்கோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். கடை அதற்கு அடுத்தது. வெயில் காலத்தில் வெறும் புதர் மாதிரித்தான் தெரியும்.