பூட்டுவது 16 நாள், பணம் வராதது 28 நாள்

[திரையில்: டிசம்பரும் ஜனவரியும் அடுத்தடுத்து இருக்கும் காலண்டர்]

வணக்கம். ஆண்டு இறுதி விடுமுறைக்கு வேலையிடத்தைப் பூட்டுகிறார்கள். டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஜனவரி 5, திங்கட்கிழமை திறப்பு. எத்தனை நாள் லீவு என்று கேட்டால் எல்லாரும் 16 நாள் என்பார்கள். நிரந்தர ஊழியருக்கு அந்தக் கணக்கு போதும். வேலை செய்த மணிக்கு மட்டும் கூலி வாங்கும் கேஷுவல் தொழிலாளி அதே 16-ஐ நம்பிச் செலவு செய்தால், ஜனவரி இரண்டாம் வாரத்தில் யாரிடமாவது கைமாத்து கேட்டு நிற்பார். அவருக்கு அது 28 நாள்.

எப்படி என்று காலண்டரிலேயே பார்ப்போம்.

[திரையில்: வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றாக வட்டமிடப்படுகின்றன]

இங்கே சம்பளம் வெள்ளிக்கிழமை, ஆனால் முந்தைய ஞாயிறோடு முடிந்த வாரத்துக்கு. அதாவது ஒரு வாரம் எப்போதும் பின்தங்கியே வரும். பூட்டுகிற நாளில் முதலாளி நல்ல மனதோடு, "பண்டிகை நேரம், பாக்கியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று இரண்டு வாரக் கூலியை 19-ஆம் தேதியே கொடுத்துவிடுகிறார். டிசம்பர் 26: ஒன்றும் வராது, அதுதான் முன்கூட்டியே வந்துவிட்டதே. ஜனவரி 2: வேலை இல்லை, கூலி இல்லை. ஜனவரி 9: வேலைக்குப் போய் ஐந்து நாள் ஆகிவிட்டது, ஆனால் அன்று வர வேண்டியது முந்தைய வாரக் கூலி. அந்த வாரம் பூட்டியிருந்தது. ஜனவரி 16 அன்றுதான் காசு. 19-லிருந்து 16 வரை எண்ணிப் பாருங்கள். சரியாக 28 நாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பாக்கியை வழக்கப்படி 26-ஆம் தேதி போட்டிருந்தால் இடைவெளி 21 நாளாகவே இருந்திருக்கும். முன்கூட்டிக் கொடுத்த நல்ல மனசு இன்னொரு வாரத்தைச் சேர்த்துவிட்டது. மொத்தமாகக் கையில் வந்த பணம் பெரிதாகத் தெரியும், பண்டிகைக் கடைவீதி பக்கத்திலேயே இருக்கும். இரண்டு வாரக் கூலியில் நான்கு வாரம் ஓட்ட வேண்டும் என்பது அந்த வெள்ளி மாலையில் யாருக்கும் உறைப்பதில்லை. எனக்கும் ஒரு வருடம் உறைக்கவில்லை, அதனால்தான் இந்தக் காலண்டரையே போட்டுக் காட்டுகிறேன்.

அப்போது துண்டு விழுவது எவ்வளவு? நான்கு வாரச் செலவில் இரண்டு வாரச் செலவு. பத்து வாரம் முன்னாலேயே, அதாவது அக்டோபர் பத்தாம் தேதி வாக்கிலேயே எடுத்து வைக்க ஆரம்பித்தால், வாரக் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் அது ஒரு நாள் கூலி. இருபது வாரம் முன்பே தொடங்கினால் அரை நாள் கூலிதான். டிசம்பர் முதல் வாரத்தில் விழித்துக்கொண்டவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பயனில்லை. அவர் செலவுப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும், அதற்கும் வருகிறேன்.

[திரையில்: ஒரு பே ஸ்லிப், ஒரு வரிசை மட்டும் மஞ்சளில்]

அதற்கு முன் உங்கள் பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். சில நாடுகளில் கேஷுவல் தொழிலாளியின் விடுமுறைப் பணம் வருடம் முழுவதும் கூலியோடு கலந்தே வந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு போன்றவை கேஷுவலுக்குக் கிடையாது. அதற்கு ஈடாக வழக்கமாக மணிக்கூலியில் 25 சதவீதம் கூட்டித் தருகிறார்கள். நியூசிலாந்தில் 2003-ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டப்படி, எப்போது வேலை இருக்கும் என்று சொல்ல முடியாதவர்களுக்குக் கூலியோடு 8 சதவீதம் தனி வரிசையாகக் காட்டிக் கொடுக்கும் முறை வந்தது. பிரிட்டனில் நேரம் நிலையில்லாத ஊழியர்களுக்கு 12.07 சதவீதம் சேர்த்துத் தரலாம். 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளுக்கு இதை அனுமதித்தார்கள். இந்த 12.07 எங்கிருந்து வந்தது? அங்கே ஆண்டுக்கு 5.6 வாரம் விடுப்பு. 52-இல் அதைக் கழித்தால் 46.4 வாரம் வேலை. 5.6-ஐ 46.4-ஆல் வகுத்துப் பாருங்கள்.

அப்படி விடுமுறைப் பண வரிசை உங்கள் சீட்டில் இருந்தால், பூட்டியிருக்கும் நாட்களுக்கான பணம் ஏற்கெனவே உங்கள் கையில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகவே கரைந்தும் போயிருக்கும். அந்த ஒரு வரிசையின் தொகையை மட்டும் வாராவாரம் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வங்கி செயலியில் தானாகப் போகும்படி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. மனசு மாறுவதற்குள் பணம் போய்விடும்.

வேறு ஊர்களில் வேறு வழி. பிலிப்பைன்ஸில் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் டிசம்பர் 24-க்குள் கைக்கு வந்தாக வேண்டும். இந்தியாவில் சட்டப்படியான குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. வேலை செய்த மாதங்கள் குறைந்தால் இந்தத் தொகைகளும் குறையும், ஆகவே முழு வருடம் இருந்த பக்கத்து ஆளின் தொகையை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

[திரையில்: காலண்டரில் 12, 26, 9, 23 தேதிகள் சிவப்பில்]

இப்போது செலவுப் பக்கம். தவணையில் பொருள் வாங்குவதைப் பற்றி உபதேசம் செய்யப் போவதில்லை, தேதிகளை மட்டும் பார்ப்போம். "இப்போது வாங்கு, அப்புறம் கட்டு" திட்டங்களில் பெரும்பாலும் நான்கு தவணை, இரண்டு வாரத்துக்கு ஒன்று. டிசம்பர் 12 அன்று வாங்கினால் முதல் தவணை அன்றே. இரண்டாவது 26, மூன்றாவது ஜனவரி 9. இரண்டும் கூலி வராத 28 நாளுக்குள் விழுகின்றன. கணக்கில் பணம் இல்லாவிட்டால் தாமதக் கட்டணம் வேறு. வாடகை, போன், இன்சூரன்ஸ் என்று தானாகக் கழியும் எல்லாவற்றையும் இதே காலண்டரில் எழுதிப் பாருங்கள். முட்டுகிற தேதியை மாற்றித் தரும்படி டிசம்பர் முதல் வாரத்திலேயே கேளுங்கள். முன்கூட்டிக் கேட்பவருக்குத் தேதி கிடைக்கும், கணக்கில் பணம் இல்லை என்று தவணை திரும்பிய பிறகு கேட்பவருக்கு அபராதம்தான்.

19-ஆம் தேதி வந்த மொத்தத் தொகையை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு வெள்ளியும் உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். 26, 2, 9 ஆகிய தேதிகளுக்கு மூன்று உறைகள். நாலாவது பங்கு அன்றைக்கே கையில். ஜனவரி 9 உறையைத்தான் எல்லாரும் முதலில் பிரிப்பார்கள், வேலைதான் தொடங்கிவிட்டதே என்று. அதை வீட்டில் கறாரான ஆள் யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

சம்பள நாள் வரைக்கும் என்று குறுகிய காலக் கடன் தருபவர்களிடம் போகும் முன் ஒரே ஒரு பெருக்கல். நூற்றுக்குப் பதினைந்து, இரண்டு வாரத்துக்கு என்றால் ஆண்டுக்கு 390 சதவீதம். 28 நாள் இடைவெளியில் அதை ஒருமுறை புதுப்பிக்க வேண்டிவரும், ஆகவே நூற்றுக்கு முப்பது.

[திரையில்: ஒரு சிறு பட்டறையின் அலுவலக மேசை, பில் கட்டு]

சரி, முதலாளி பக்கம் வருவோம். பெரிய நிறுவனங்களை விட்டுவிடுவோம், பத்துப் பேரை வைத்து வேலை வாங்குபவரைச் சொல்கிறேன். அவருக்கும் இதே கண்கட்டு வித்தைதான். பூட்டியிருக்கும் நாட்களில் பணம் தீர்ந்துவிடுமோ என்று பயப்படுவார், ஆனால் தீர்வது திறந்த பிறகு. டிசம்பர் வேலைக்கான பில்லை 19-ஆம் தேதியே அனுப்பினால், 30 நாள் கெடுவில் ஜனவரி 18 அன்று பணம் வர வேண்டும். "லீவு முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று 5-ஆம் தேதி அனுப்பினால் பிப்ரவரி 4. இடையில் ஜனவரி 16, 23, 30 என்று மூன்று வெள்ளிக்கிழமை கூலிப் பட்டுவாடா இருக்கிறது. ஜனவரியில் செய்யும் வேலைக்கு மாதக் கடைசியில் பில் போட்டால் அந்தப் பணம் மார்ச் 2. அதனால் ஜனவரியில் மட்டுமாவது வேலை முடிய முடிய பில் போடுங்கள். பழைய நிலுவையை டிசம்பர் 10-க்குள் போன் போட்டுக் கேளுங்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் கணக்குப் பிரிவில் போனை எடுக்க ஆள் இருக்காது.

விற்பனை வரியாக வசூலித்த பணம் கணக்கில் கிடக்கும்போது அது உங்களுடையது போலவே தெரியும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தொழிலாளிக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவிக்குக் காசே ஆகாது. பூட்டும் தேதி, திறக்கும் தேதி, முதல் கூலி வரும் தேதி, இந்த மூன்றையும் இரண்டு மாதம் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தொழிற்கூடங்கள் மூடுகிற அதே நேரத்தில் கிடங்கு, கூரியர், ஓட்டல் வேலைகளுக்கு ஆள் தேடுவார்கள்; தேதி தெரிந்தால் உங்கள் ஆள் அங்கே இரண்டு வாரம் பார்த்துவிட்டு வருவார். திறந்ததும் யாருக்கெல்லாம் ஷிஃப்ட் உண்டு என்பதையும் சொல்லிவிடுங்கள். "கூப்பிடுகிறோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் வேறு இடத்தில் ஒட்டிக்கொள்வார். ஜனவரி 5 காலையில் ஆள் இல்லாமல் திண்டாடுவது நீங்கள்தான்.

அப்புறம் அந்தப் பாக்கி வாரம். உரிய நாளுக்கு மேல் கூலியைப் பிடித்து வைக்கக் கூடாது, அது வேறு விஷயம். முன்கூட்டிக் கொடுப்பதாக இருந்தால், "19-ஆம் தேதியே வேண்டுமா, வழக்கப்படி 26-ஆம் தேதி கணக்கில் விழட்டுமா?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். வங்கி விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வேலைநாளுக்கு வைத்துவிடலாம். இரண்டு பேராவது 26 என்பார்கள். அவர்கள் ஏற்கெனவே ஒரு ஜனவரியில் அடிபட்டவர்களாக இருக்கும்.