தக்களி நூல் ஏன் அறுந்துகொண்டே இருக்கிறது?

(திரையில்: எஃகுத் தட்டின் மேல் சுழலும் பித்தளைத் தக்களி)

வணக்கம். தக்களி என்பது கையால் சுழற்றிப் பஞ்சை நூலாக்கும் சின்னக் கருவி. முதல் நாள் அதில் அரை மணி நேரம் நூற்றதில் எனக்குக் கிடைத்தது ஒரு முழ நூல். அதிலும் பாதி கம்பளிப்பூச்சி மாதிரி புடைத்திருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் வரும். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் பஞ்சு. மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம். ஈரத்தை உறிஞ்சுவதற்காக அதிலுள்ள இயற்கை மெழுகை நீக்கி வெளுத்திருப்பார்கள். இழுத்தால் முரண்டு பிடிக்கும். தலையணையில் இருக்கும் இலவம் பஞ்சு அதைவிட மோசம். வழவழப்பான அந்த இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. கொட்டை நீக்கிய பருத்தியை விரலால் பிரித்து, மெல்லிசாகப் பரப்பி, பென்சிலில் சுருட்டி, பென்சிலை உருவிவிடுங்கள். இதுதான் பட்டை.

தக்களியில் இருப்பது ஒரு கம்பி, அடியில் ஒரு வட்டு, நுனியில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். கீழடி அகழாய்வில் சுடுமண் தக்களி வட்டுகள் கிடைத்தன. 1937-ல் காந்தி தலைமையில் நடந்த வார்தா கல்வி மாநாட்டுக்குப் பிறகு வந்த, கைத்தொழில் வழியே கற்பித்த ஆதாரக் கல்விப் பள்ளிகளில் பிள்ளைகள் கையிலும் தக்களி இருந்தது.

(திரையில்: கைகள் மட்டும், நெருக்கத்தில்)

வட்டுக்கு மேலே ஒரு நூலைக் கட்டி, கொக்கியில் மாட்டி, அதன் மறுமுனையைப் பட்டையின் நுனியோடு சேர்த்துப் பிடியுங்கள். தக்களியின் அடிநுனி தட்டில் நிற்கட்டும். வலது கையால் சுண்டுங்கள், இடது கையால் பட்டையை மெதுவாக மேலே இழுங்கள். எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுண்ட வேண்டும். நான் ஒருமுறை மறதியாக எதிர்ப்பக்கம் சுண்டினேன். நூற்றதெல்லாம் மறுபடி பஞ்சாகிவிட்டது!

சரி, விஷயத்துக்கு வருவோம். முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்துக்குத்தான் முதலில் ஓடும். அந்த இடம் இறுகிவிடும். தடித்த இடம் முறுக்கு ஏறாமல் தளர்வாகவே கிடக்கும். அதனால் அதை இன்னும் இழுத்து மெல்லிசாக்கலாம். புடைப்பு வந்தால் பதறாமல், அதன் இரு பக்கமும் பிடித்து, முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தி இழுத்துப் பாருங்கள். விரலை மட்டும் அழுத்தாதீர்கள். பருத்தி இழையின் நீளமே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். நசுக்கிப் பிடித்தால் அது நழுவி வராது.

(திரையில்: அறுந்த இரண்டு முனைகள், அருகருகே)

நூல் அறுந்தால் முனையைப் பாருங்கள். இழைகள் நழுவிப் பிசிறாக இருந்தால் முறுக்கு போதவில்லை. சுருண்டு முடிச்சு விழுந்து பட்டென்று அறுந்திருந்தால் முறுக்கு மிஞ்சிவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுக்கொன்று நேரெதிர் என்பதால், பார்க்காமல் திரும்பச் சுண்டாதீர்கள். ஒட்டுப்போட முடிச்சு வேண்டாம். நூல் முனையைப் பட்டையின் மேல் ஒரு விரற்கடை படியவைத்துச் சுண்டினால் தானே பிடித்துக்கொள்ளும்.

ஒரு கை நீளம் வந்ததும் கொக்கியிலிருந்து கழற்றி, வட்டின் மேல் சுற்றிவிட்டு, மறுபடி மாட்டுங்கள். கடைசியில் நூலை வெந்நீரில் நனைத்து, இழுத்துக் கட்டிக் காயவைத்தால் சுருள்வது அடங்கும்.

புடைப்புள்ள நூலை வீசிவிட வேண்டாம், பூக்கட்டலாம். ஆரம்ப நாட்களில் நான் நூற்ற நூலில் அம்மா இரண்டு முழம் மல்லிகை கட்டினார். நடுவில் ஒரு தடவைதான் அறுந்தது.