ஏரியைக் காப்பாற்றும் வேலை தண்ணீருக்கு வெளியே இருக்கிறது

[காட்சி: பச்சை படர்ந்த ஏரி நீர், மிக அருகிலிருந்து]

ஏரித் தண்ணீர் பச்சையாகிவிட்டது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் நாற்றம் தூக்குகிறது. விடியற்காலையில் கரையோரமாக மீன்கள் செத்து மிதக்கின்றன. சுற்றிக் குடியிருப்பவர்கள் கூடிப் பேசுகிறார்கள். "வர்ற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இறங்கிச் சுத்தம் பண்ணிடலாம்" என்று முடிவாகிறது. சொன்னபடியே இறங்கி, பாட்டிலும் பிளாஸ்டிக்கும் மூட்டை மூட்டையாகக் கரையேற்றுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அடுத்த கோடையில் ஏரி மறுபடியும் அதே பச்சையில் நிற்கிறது.

அன்று அள்ளியது கண்ணுக்குத் தெரிந்த குப்பை. ஏரியைப் பச்சையாக்குவதோ, தண்ணீரில் கரைந்தும் மண்ணில் ஒட்டியும் வந்து சேரும் சத்து. அதிலும் முக்கியமாகப் பாஸ்பரஸ்.

[காட்சி: வானிலிருந்து ஓர் ஏரி. ஒரு பாதி கருநீலம், மறுபாதி பச்சை]

கனடாவின் ஒன்டாரியோவில் காட்டுக்குள் இருக்கும் சிறு ஏரிகள் சிலவற்றை ஆய்வுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று 226ஆம் எண் ஏரி. நடுவில் இடுப்பு சிறுத்த ஏரி அது. 1973இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு அந்த இடுப்பில் திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தது. இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்த ஆண்டே அந்தப் பாதி முழுக்கப் பாசி பொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இந்தக் காட்சியில் நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

1 கிலோ பாஸ்பரஸ், 500 கிலோ வரை பாசியை வளர்த்துவிடும் என்பது ஏரி ஆய்வாளர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. அந்த 1 கிலோ எங்கிருந்து வருகிறது? சாக்கடை, கசியும் செப்டிக் டேங்க், வயலுக்கும் புல்வெளிக்கும் அளவுக்கு மீறிப் போடும் உரம், மழையில் அரித்து வரும் மண், தெருவில் மக்கும் இலை. எல்லாமே கரைக்கு வெளியே இருப்பவை. ஏரிக்குத் தண்ணீர் வரும் நிலம் முழுவதும், அதாவது நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும், ஏரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம்.

[காட்சி: மழை, குடைகள், கால்வாய் ஓரம் நடக்கும் சிலர்]

அதனால் என்னைக் கேட்டால், முதல் வேலை துப்புரவு இல்லை, நடை. நல்ல மழை பெய்யும்போது நாலைந்து பேர் சேர்ந்து, ஏரிக்குள் வரும் ஒவ்வொரு கால்வாயையும் பின்னோக்கித் தொடர்ந்து போங்கள். எந்த வாய்க்காலில் தண்ணீர் செம்மண் நிறமாக வருகிறது, எதில் நுரை வருகிறது என்று குறித்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மழையே இல்லாமல் சில நாள் காய்ந்தபின் அதே வழியில் இன்னொரு முறை நடக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது நடையைத்தான். மழைநீர் வடிகால் வெயில் நாளில் வறண்டு கிடக்க வேண்டும். அப்போதும் ஒரு குழாயிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தால், குழாய்வாய் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தால், மேலே எங்கோ கழிவுநீர் இணைப்பு சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். "ஏரி கெட்டுப்போச்சு" என்று அதிகாரிகளிடம் சொல்வதைவிட, இந்தத் தெரு முனையில் இந்தக் குழாய், இந்தத் தேதி என்று படத்தோடு கொடுப்பது வேலை செய்யும்.

[காட்சி: கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்று மெல்ல நீரில் இறங்குகிறது]

சரி, ஏரி தேறுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? இதோ இந்தத் தட்டு. 20 சென்டிமீட்டர் அகலம், கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால் பங்கு, நடுவில் அளவு குறித்த கயிறு. பெயர் செக்கி தட்டு. 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்ததில் தொடங்கியது. கறுப்புக் கட்டம் பின்னால் சேர்ந்தது. படகின் நிழல் பக்கமாக, நடுப்பகலை ஒட்டிய நேரத்தில், கறுப்புக் கண்ணாடி போடாமல் இறக்க வேண்டும். தட்டு மறையும் ஆழத்தைக் குறித்து, கொஞ்சம் கீழே விட்டு, மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுத்தால் அதுதான் அன்றைய அளவு. அது கூடக் கூட, நீர் தெளிகிறது என்று பொருள். எப்போதும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள்கூடப் பழகிவிடலாம். இரண்டு வருட அளவு கையில் இருந்தால், "போன வருஷத்துக்கு இது பரவாயில்லை" என்ற வெறும் பேச்சு நின்றுவிடும்.

[காட்சி: ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் குவிக்கிறார்கள்]

ஆகாயத்தாமரை இருக்கிற ஏரி என்றால், ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தோதான சூழலில் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகப் பெருகும் செடி இது. பாடுபட்டு இழுத்தெடுத்து, அப்படியே கரையில் குவித்துவிட்டுப் போவார்கள். அது அங்கேயே அழுகி, அடுத்த மழையில் அதன் சத்தெல்லாம் திரும்ப ஏரிக்குள் இறங்கும். எடுத்த செடியைத் தண்ணீர் வடியவிட்டு, ஏரிக்கு நீர் வடியாத இடத்துக்குக் கொண்டுபோய் உரமாக்குங்கள். கரையில் தானாக வளரும் கோரையையும் நாணலையும் மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். வரும் மண்ணைப் பிடித்து நிறுத்துவது அவைதான்; குஞ்சு மீன்கள் ஒளிந்து வளர்வதும் அங்கேதான். அழகுபடுத்துகிறோம் என்று கரை முழுக்கச் சிமென்ட் பூசுவதைப் பார்த்தால் மனசு கனக்கிறது.

பாசியைக் கொல்ல மருந்து தெளிக்கலாமே என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். செப்பு சல்பேட் போட்டால் பாசி சாகும், உண்மை. ஒரே நேரத்தில் செத்த பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். பாசிக்குள் இருந்த பாஸ்பரஸ் தண்ணீருக்கே திரும்பிவிடும். செம்பு அடிச்சேற்றில் தங்கும்.

[காட்சி: வாஷிங்டன் ஏரியின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

மக்கள் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் அருகே உள்ள வாஷிங்டன் ஏரி சாட்சி. சுற்றியிருந்த ஊர்களின் சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாம் அதில்தான் நீரை விட்டன. 1955இல் எட்மண்ட்சன் என்ற பேராசிரியரின் ஆய்வுக் குழு, சத்து மிகுந்த ஏரிகளில் காணப்படும் ஒருவகைப் பாசியை அங்கே கண்டது. வழக்கறிஞர் ஜேம்ஸ் எல்லிஸும் குடிமக்கள் குழுவினரும், எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு கழிவுநீர் அமைப்பு வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். 1958 மார்ச் வாக்கெடுப்பில் நகருக்கு வெளியே இருந்தவர்கள் ஒப்பாததால் தோல்வி. எல்லையையும் வேலையையும் சுருக்கிக்கொண்டு அதே செப்டம்பரில் மறுபடி வாக்குக்குப் போனார்கள், வென்றார்கள். 1963 முதல் 1968 வரை குழாய்கள் திருப்பிவிடப்பட்டன. 1964இல் 1 மீட்டருக்குள் மறைந்த செக்கி தட்டு, 1968இல் சுமார் 3 மீட்டர் வரை தெரிந்தது.

வாஷிங்டன் ஏரி ஆழமானது, அதனால் வேகமாகத் தேறியது. ஆழமில்லாத ஏரி அப்படி இல்லை. வரத்தை அடைத்தபின்னும் அடிச்சேற்றில் பல வருடமாகத் தங்கிய பாஸ்பரஸ் மேலே வந்துகொண்டே இருக்கும். 10, 15 வருடம்கூட ஆகலாம். அவ்வளவு நாள் நிற்கும் குழுவாக அமைத்துக்கொள்ளுங்கள். மீன் பிடிப்பவர், பாசனம் செய்பவர், கரையில் வீடு கட்டியவர் என மூவரும் முதல் கூட்டத்திலிருந்தே இருக்க வேண்டும். தட்டு இறக்க, கால்வாய் பார்க்க, மனு எழுத என்று ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் பழகியிருக்கட்டும். ஒருவர் வீடு மாறிப் போனாலும் அந்த மாத அளவு விட்டுப்போகாது.