22 வெள்ளிக்கு வாங்கி, எம்ஆர்டியில் கழன்ற வாட்ச்மென்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மின்விசிறி கிடையாது, வியர்த்துக் கொட்டினால் கண்டுகொள்ளாதீர்கள். ஏன் என்று தரையைப் பார்த்தால் தெரியும், இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். பார்த்தீர்களா, கூடம் முழுக்கத் தாள். அம்மா தேக்காச் சந்தைக்குக் கணவாய் வாங்கப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

போன சனிக்கிழமை ஒரு பழைய புத்தகக் கடையில் (பெயர் வேண்டாம்) வாட்ச்மென் காமிக்ஸ் கிடைத்தது. 12 இதழும் ஒரே தொகுப்பாக. கடைக்காரர் 25 வெள்ளி என்றார், நான் 20 என்றேன், 22இல் நின்றது. ஆனால் ரொக்கம்தான் வேண்டுமாம்! ஏடிஎம் தேடிப் போனால் அது 50 வெள்ளித் தாளாகத் துப்புகிறது, கடைக்காரரிடம் சில்லறை இல்லை, கீழே கோப்பிக்கடையில் ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கி மாற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறினேன். ஆக 22 இல்லை, 23 வெள்ளி 40 காசு. சரி போகட்டும் என்று எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து ஐந்தாம் அத்தியாயத்தைப் பிரித்தேன், புத்தகத்தின் முதுகு ‘டப்’ என்றது, கொத்தாகத் தாள் மடியில் விழுந்தது. நம் சிங்கப்பூர் ஈரக் காற்றில் பசை எப்போதோ செத்துவிட்டது. எதிரில் இருந்த பாட்டி ஒரு தாளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

இரண்டு நாள் எரிச்சலில் தொடவே இல்லை. அப்புறம்தான் உறைத்தது: கழன்றது ஐந்தாம் அத்தியாயம்! அது கண்ணாடிப் பிம்பம் மாதிரி அமைத்த அத்தியாயம், மொத்தம் 28 பக்கம், முதல் பக்கத்துக்குக் கடைசிப் பக்கம் ஜோடி, இரண்டாவதுக்கு 27. கட்டங்களின் அமைப்பு இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. நடுவில் 14, 15 சேர்ந்து ஒரே காட்சி, கொல்ல வந்தவனை முன்னாள் முகமூடி நாயகன் ஏட்ரியன் வெய்ட் அடிக்கும் இடம். புத்தகமாக இருந்தால் புரட்டிப் புரட்டித்தான் ஒப்பிட முடியும். என்னிடம் உதிரித் தாள்! இதோ பாருங்கள், முதல் பக்கத்தில் மழைத் தண்ணீரில் அந்த விளக்குப் பலகை தெரிகிறது, முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு ‘ஆர்’. பக்கத்தில் 28ஐ வைக்கிறேன். அதே பலகை, அதே மழை. 23 வெள்ளி 40 காசும் வசூல்.

இதை வைத்துக்கொண்டுதான் நேற்று ராத்திரி இந்தக் காமிக்ஸை வைத்து ஸாக் ஸ்னைடர் எடுத்த 2009 படத்தை மறுபடி பார்த்தேன். என்ன எரிச்சல் தெரியுமா, மனிதர் நிறைய கட்டங்களை அச்சு அசலாக எடுத்திருக்கிறார், கேமரா வைத்த இடம்கூட மாறவில்லை. ஆனால் இந்தத் தரையில் கிடப்பது அதில் எங்கே? நான்காம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் நிஜமாகவே அபார சக்தி உள்ள ஒரே ஆள் டாக்டர் மன்ஹாட்டன், செவ்வாய்க் கிரகத்தில் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு புகைப்படம். அவருக்கு நேற்று, நாளை எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். பக்கத்தைத் திறந்தால் நமக்கும் எல்லாக் கட்டமும் ஒரே பார்வையில் தெரிகிறதே! ஒரு கட்டத்தில் புகைப்படம் கையில், இன்னொன்றில் மணலில், கண் பின்னால் போகலாம், முன்னால் தாவலாம். வாசிக்கிறவன்தான் மன்ஹாட்டன். படத்திலும் அந்தப் பகுதி அழகுதான், எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் தியேட்டரில் அது நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, நாம் நிற்க முடியாது.

அதனால்தான் படத்திலேயே சிறந்த இடம் காமிக்ஸில் அந்த வடிவில் இல்லாத இடம்: டைட்டில். பாப் டிலன் பாட்டு, அசையாத புகைப்படம் மாதிரி ஒவ்வொரு காட்சியும், நாயகர்களின் பல வருட வரலாறு சில நிமிடத்தில் முடிகிறது. அதைச் செய்தவரே சந்துச் சண்டையில் எலும்பு உடைவதை மெதுவாக்கிக் காட்டுகிறார், அய்யோ. அந்தச் சண்டை மன்ஹாட்டனின் டிவி பேட்டியோடு மாறி மாறி வருகிறதே, அதில்தான் உயிரே.

ஒன்றை விட்டுவிட்டேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எழுதியவர் ஆலன் மூர், வரைந்தவர் டேவ் கிப்பன்ஸ், 1986-87இல் வந்தது. மூர் படத்தில் தன் பெயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், கிப்பன்ஸ் பெயர் மட்டும்தான் வரும். ஸ்னைடருக்கு முன்னால் டெர்ரி கில்லியம் முயன்று பார்த்துவிட்டு, இதை ஐந்து மணி நேரத் தொடராகத்தான் எடுக்கலாம் என்று ஒதுங்கினார். தியேட்டரில் வந்தது 162 நிமிடம். காமிக்ஸுக்குள் ஒரு பையன் படிக்கும் கடற்கொள்ளையர் கதையையும் சேர்த்த 215 நிமிடப் பதிப்பு இருக்கிறது, அதற்கு நானே நடுவில் இரண்டு தடவை மேகி கிண்டினேன்.

அப்புறம் கணவாய். அம்மா வாங்கப் போனது இல்லை, கிளைமாக்ஸில் நியூயார்க்கில் வந்து விழும் ராட்சதக் கணவாய். பொது எதிரி வந்துவிட்டது என்று அமெரிக்காவும் சோவியத்தும் பயந்து சேரட்டும் என்று வெய்ட் செய்து அனுப்புவது. படத்தில் அதைத் தூக்கிவிட்டு, பழியை மன்ஹாட்டன் மேல் போட்டார்கள். முந்தைய வீடியோவில் இது துரோகம் என்று கத்தினேன், வாபஸ் வாங்குகிறேன், பாதி மட்டும். காமிக்ஸில் அந்தக் கணவாய்க்கு வேர் முதலிலிருந்தே ஓடுகிறது, காணாமல் போன எழுத்தாளர், ஓவியர்கள் நிறைந்த தீவு என்று. அந்த வேரை வெட்டிவிட்டுக் கணவாயை மட்டும் கொண்டுவந்தால் தியேட்டரில் சிரிப்பார்கள். ஆனால் மன்ஹாட்டன் அமெரிக்காவின் ஆயுதம் ஆயிற்றே, அவர் அடித்தார் என்றால் சோவியத் எப்படி அமெரிக்காவோடு கைகுலுக்கும்? எனக்கு இன்னும் உதைக்கிறது.

பைண்டிங் செய்ய எவ்வளவு ஆகும் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் போடுங்கள், 10 வெள்ளிக்கு மேல் என்றால்... இருங்கள், லிஃப்ட் சத்தம் கேட்கிறது. 12 இங்கே, 17 இங்கே. நடுவில் இருக்கும் இரண்டு தாளும் எங்கே போயின? சோபாவுக்கு அடியிலா? அம்மா, மின்விசிறியைப் போடாதீர்கள், ஒரு நிமிடம், அம்மா!