நுகத்தடி யார் கழுத்தில்?

நடுவர் அவர்களே, நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் கோயில் மதிலில் சாய்ந்து நிற்கிறவர்களே, எல்லோருக்கும் வணக்கம். இது பாலக்காட்டுச் சித்தூர். எதிரணி ஐயா வண்டியிலிருந்து இறங்கும்போது "இங்கிருந்து திருப்பதி எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டார், அதனால்தான் சொல்லி வைக்கிறேன். அது ஆந்திரத்துச் சித்தூர் ஐயா. இது மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வந்து தங்கிய சித்தூர். கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, பிறந்தால் வீட்டுக்கு வீடு விளக்கேற்றி அவருடைய இராமாயணத்தைப் படிக்கிற ஊர்.

இராமாயணத்தைத் தாங்கி நிற்பது தியாகமா, கடமையா என்பது தலைப்பு. தியாகம்தான் என்று ஐயா உருக்கமாகப் பேசினார். இராமன் முடியைத் துறந்தான், இலக்குவன் தூக்கத்தைத் துறந்தான் என்றார். எனக்கே கண் கலங்கியது. 'காட்டுக்குப் போ' என்று கைகேயி சொல்லக் கேட்ட இராமனின் முகம் அப்போது பூத்த செந்தாமரையை வென்றது என்ற கம்பன் பாட்டை ராகம் போட்டுப் பாடினார். கைதட்டினோம். சரி, அதற்கு அடுத்த பாட்டை ஏன் ஐயா விட்டுவிட்டீர்கள்?

அடுத்த பாட்டில் ஒரு மாடு வருகிறது. உடையவன் வண்டியில் பூட்டி ஓட்டிக்கொண்டே இருக்கிற காளை. இரக்கமுள்ள ஒருவன் வந்து அதை அவிழ்த்து விடுகிறான். அந்தக் காளையைப் போல இருந்தானாம் இராமன். நெல்வயல் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நுகத்தடியைக் கழற்றியதும் மாடு என்ன செய்யும்? கழுத்தை ஒரு சிலுப்பு சிலுப்பும், புஸ்ஸென்று ஒரு மூச்சு விடும், அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்கும். நாட்டை ஆள்வதுதான் பாரம், காடு விடுதலை என்கிறான் கம்பன். தந்தை சொல்லைத் தட்ட முடியாமல்தான் அந்தப் பாரத்துக்கே இராமன் சம்மதித்தானாம். முகம் மலராமல் என்ன செய்யும்?

நான் கேட்பது ஒன்றுதான். காளையை அவிழ்த்து விட்டாயிற்று, வண்டி என்ன ஆயிற்று? வண்டி நடுரோட்டில் நிற்கிறதே! அந்த நுகத்தடி யார் கழுத்தில் ஏறியது?

முதலில் பரதன் கழுத்தில். அயோத்திக்குள் போகாமல் நந்திக்கிராமத்தில் பாதுகையை வைத்துக்கொண்டு 14 வருஷம். காட்டில் மாரீசன் உண்டு, ஜடாயு உண்டு, நாளுக்கு ஒரு கதை உண்டு. நந்திக்கிராமத்தில் என்ன உண்டு? நேற்றுப் போல இன்று, இன்று போல நாளை. சொல்ல ஒன்றும் இல்லாததால் கவிஞர்கள்கூட அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

யாரும் பார்க்காத வேலை என்றால் எனக்குத் தோல்பாவைக்கூத்து ஞாபகம் வரும். நம் ஜில்லாவில், பாரதப்புழைக் கரையோரத்துப் பத்ரகாளி கோயில்களில், திரைக்குப் பின்னால் தேங்காய்மூடியில் 21 விளக்கு ஏற்றி, கம்பன் பாட்டைச் சொல்லி ராத்திரி முழுக்க ஆட்டுவார்களே, அதுதான். தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்ததால் இராமனின் போரைப் பார்க்க முடியாத பகவதிக்காக ஆடுகிற கூத்து. ஒருமுறை விடியற்காலை மூன்று மணிக்குப் போய் நின்றேன். வெளியே நானும் இரண்டு நாய்களும். உள்ளே பாவையாட்டுகிற புலவர் இந்திரஜித்துக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஒரு பாட்டைக்கூட விட்டுவிட்டுத் தாண்டவில்லை. இதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தால் அவர் சிரிப்பார். "வழிபாடு, ஏற்றுக்கொண்டோம், முடிக்கணும்" என்பார்.

பரதன் தீ வளர்த்தானே, அது தியாகம் இல்லையா என்று ஐயா எழுந்திருக்கப் பார்க்கிறார். உட்காருங்கள் ஐயா, அங்கேதான் வருகிறேன். கெடு முடிந்தது, அண்ணன் வரவில்லை. பரதன் தீயில் இறங்கத் தயாராகிறான். இறங்கும் முன்னே சத்துருக்கனனைக் கூப்பிட்டு நாட்டைப் பார்த்துக்கொள் என்கிறான். கவனித்தீர்களா? நுகத்தடி மறுபடியும் கை மாறுகிறது!

அதுவரை அதிகம் வாய் திறக்காத அந்தப் பிள்ளை அப்போது பேசுகிறான். காட்டுக்குப் போனவன் பின்னாலேயே போனான் ஒரு தம்பி. போனவன் வரவில்லை என்று உயிரை விட நிற்கிறான் இன்னொரு தம்பி. நான் மட்டும் வெட்கமில்லாமல் நாடாள வேண்டுமா? "என்னே இவ் அரசாட்சி! இனிதே அம்மா!" என்கிறான். கம்பனில் இதைவிடக் கசப்பான 'இனிது' எனக்குத் தெரிந்து இல்லை. நல்லவேளை, அனுமன் ஓடி வந்து நெருப்பை அணைத்தான்.

போன கர்க்கடகத்தில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாலம்பலம், அதாவது நாலு சகோதரர்களின் நாலு கோயில், போனேன். திருப்பிரயாரில் இராமன், இரிஞ்ஞாலக்குடையில் பரதன், மூழிக்குளத்தில் இலக்குவன், பாயம்மலில் சத்துருக்கனன். உச்சிக்குள் நாலையும் தொழ வேண்டும். திருப்பிரயாரில் எல்லோரும் குளித்துப் பளிச்சென்று வரிசையில் நின்றார்கள். பாயம்மல் வந்தபோது எல்லோருக்கும் பசி. சத்துருக்கனனுக்கு மனமுருகினவர்களைவிட, சாப்பாடு எங்கே என்று கேட்டவர்கள்தான் அதிகம். கடைசித் தம்பி என்றால் கோயிலிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

நானும் கடைசித் தம்பிதான், ஒளிக்கவில்லை. ஒரு அண்ணன் துபாய், இன்னொருவர் மஸ்கட். அவர்கள் வரும்போது ஊரே சொல்லும், "குடும்பத்துக்காக எத்தனை தியாகம்!" உண்மைதான், வெயிலில் வாடிப்போய்த்தான் வருகிறார்கள். அன்றைக்குப் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றியது யார், அம்மாவின் மாத்திரைச் சீட்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம். நாலம்பல வண்டிக்குப் பணம் அனுப்பியது துபாய் அண்ணன். வழியெல்லாம் அம்மா அவன் பெருமைதான்.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துவிடுகிறேன். பாயம்மலில் தொழுதுவிட்டு வெளியே வந்து அம்மா படியில் உட்கார்ந்தாள். பிரசாத இலையைப் பிரித்து என் நெற்றியில் சந்தனத்தை வைத்தாள். என்னைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"டிரைவர் சாப்பிட்டானான்னு போய்ப் பாருடா" என்றாள்.

போய்ப் பார்த்தேன்.