கூட வேலை செய்பவருக்கு ஒரு ஜாமீன் கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

அலுவலக நட்பு மதியச் சாப்பாட்டு மேசையில் வளர்கிறது. அது சோதனைக்கு வருவது பெரும்பாலும் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் கடன் விண்ணப்பத்தில்தான். "சார், இந்த இடத்துல ஒரு கையெழுத்து" என்று பக்கத்து மேசைக்காரர் தாளை நீட்டுவார். பலர் படித்துப் பார்ப்பதே இல்லை. படித்தால் நண்பரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடுமோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தால் பத்து, பதினைந்து வருடப் பழக்கம் முறிந்துபோவதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம். அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகப் பேசுகிறேன்.

ஜாமீன்தாரரின் பொறுப்பைச் சொல்வது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. "முதலில் அவரிடம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் ஜாமீன் போட்டிருந்தால் ஆளுக்குப் பாதிதான் என்று நினைப்பதும் தவறு. 146ஆம் பிரிவு சொல்லும் சமபங்கு, ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து லட்சம் ரூபாய், 12 சதவீத வட்டி, 60 மாதத் தவணை. மாதம் சுமார் 11,122 ரூபாய் வரும். நண்பர் இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு நின்றுபோனாலும் அசல் மட்டும் ஏறக்குறைய 3,35,000 ரூபாய் பாக்கி நிற்கும். ஆரம்பத் தவணைகளில் கணிசமான பகுதியை வட்டி தின்றுவிடுவதே காரணம். பெரும்பாலான சங்கங்களில் விண்ணப்பத்தோடு சம்பளப் பிடித்தத்துக்கு ஒப்புதல் கடிதமும் வாங்கிவிடுவார்கள். அதை வைத்தே உங்கள் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கிவிடும். வங்கிக் கடன் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் காக்கிறது. ஜப்திக்கு உட்படும் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், மாதம் 13,000 ரூபாய் வரை போகும். ஒரே தீர்ப்பின் கீழ் 24 மாதங்களுக்கு மேல் அப்படிப் பிடிக்க முடியாது.

ஆகவே கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கேட்பதுதான் மரியாதை. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஏற்கெனவே என்னென்ன பிடித்தம் போகிறது என்று அதில் தெரியும். அவர் ஓய்வு பெறும் மாதம், கடைசித் தவணைக்குப் பிறகு வருகிறதா? இந்தக் கடனுக்குக் காப்பீடு உண்டா? இது முக்கியம், ஏனென்றால் கடன் வாங்கியவர் இறந்துபோனாலும் ஜாமீன் தானாகத் தீராது. தொகை எழுதாத வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். தொகையை எழுத்தால் எழுதி, தேதி போட்டு, ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உங்கள் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனையை மாற்றினால் ஒப்பந்தச் சட்டத்தின் 133ஆம் பிரிவு உங்களை விடுவிக்கும். ஆனால் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் படிவத்தின் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

"நீ எனக்கு, நான் உனக்கு" என்று மாற்றி மாற்றிப் போடும் ஜாமீன் எனக்கு மிகவும் கவலை தருகிறது. ஒரே தொழிற்சாலையில் நான்கு பேர் இப்படிப் பின்னிக்கொண்டால், அங்கே ஆட்குறைப்பு வரும் மாதம் நால்வருக்கும் சேர்ந்தே சம்பளம் நிற்கும். தாங்கிப் பிடிக்க வெளியே ஒருவரும் இருக்கமாட்டார்.

மறுப்பதானால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று இரண்டு வாரம் இழுத்தால் அவர் வேறு ஆளைத் தேடும் நேரமும் போய்விடும். "என் சம்பளத்தில் இன்னொரு பிடித்தத்தைத் தாங்க இடமில்லை" என்று நேராகச் சொல்வதில் குற்றம் ஒன்றும் இல்லை. முடிந்தால், கடன் தொகையைக் குறைக்க வழி இருக்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். அதுவும் உதவிதான்.

ஜாமீன் கேட்பவருக்கும் கடமை உண்டு. நாலு பேர் நடுவில் கேட்காதீர்கள். அது நெருக்கடி கொடுப்பது. தனியாகக் கூப்பிட்டு, மற்ற கடன்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால், சங்கத்து நோட்டீஸ் போகும் முன் உங்கள் வாயால் அவருக்குத் தெரியவேண்டும். நட்பு முறிவது பெரும்பாலும் பணம் போனதால் நடப்பதில்லை. மூன்று மாதம் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்ததால் நடக்கிறது. ஜாமீன் போட்டவரும் விஷயத்தைக் கேண்டீனில் பரப்பக் கூடாது. அவமானப்பட்டவர் வேலையை விட்டே போய்விட்டால், பணம் திரும்பும் கடைசி வழியும் அடைபடும்.

ஜாமீன் போட்ட நீங்கள் கட்ட நேர்ந்துவிட்டால் ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கட்டிய தொகையைக் கடனாளியிடம் திருப்பிக் கேட்கும் உரிமை ஒப்பந்தச் சட்டத்தின் 145ஆம் பிரிவில் இருக்கிறது. வழக்குப் போட, பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம். அதுவரை போகாமல், மாதம் இரண்டாயிரமோ மூன்றாயிரமோ திருப்பித் தருவதாக இருவரும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. கடன் வாங்கியவர்களே, கடன் முழுதாக அடைந்ததும் 'நிலுவை இல்லை' சான்று வாங்கி, அதன் நகல் ஒன்றை ஜாமீன் போட்டவர் கையில் கொடுத்துவிடுங்கள். வங்கிக் கடனானால், அவருடைய கடன் தகவல் அறிக்கையிலும் அது முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முழு அறிக்கை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகவே கிடைக்கும்.

வணக்கம்.